பழைய ஊரில் குடியிருப்பது யார்?

பினாங்கின் ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அந்த ஊரின் முகம் மாறியதற்கு அந்த நாளையே காரணமாகச் சொல்வது வழக்கம். கடைவீடுகள் தங்கும் விடுதிகளானது, பட்டறை இருந்த இடத்தில் காபிக்கடை வந்தது, 2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த சைக்கிள் சிறுவர்கள் முன்னால் படமெடுக்க வரிசை நிற்பது எல்லாமே அந்தக் கணக்கில் எழுதப்படுகின்றன. ஊரைக் காலி செய்த தேதியோ அதற்கும் எட்டரை ஆண்டு முந்தையது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தானது. கொடுத்த அவகாசம் 1999 டிசம்பர் 31 அன்று முடிந்தது. கீழே கடை, மேலே வீடு என்று தலைமுறைகளாகச் சொற்ப வாடகையில் இருந்த குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன.

சட்டம் இருந்தவரை எல்லாம் நன்றாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. வாடகை ஏறாத வீட்டுக்கு உரிமையாளர் ஏன் ஓடு மாற்றப் போகிறார்? கூரை ஒழுகியது, மாடிப் பலகை உளுத்தது. ஆனால் அதே அலட்சியம்தான் அந்த வீடுகளை இடிக்காமலும் விட்டுவைத்தது. இடித்துக் கட்டினால் லாபம் என்ற கணக்கு அங்கே வேலை செய்யவில்லை. சட்டம் போன பிறகு காலியான வீடுகள் சிலவற்றில் மனிதர்களுக்குப் பதில் உழவாரன் குருவிகள் குடியேற்றப்பட்டன. அவற்றின் கூட்டுக்குச் சீனச் சந்தையில் நல்ல விலை. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, பறவை நுழையச் சிறு துளை மட்டும் விட்டு, உள்ளே ஈரம் காத்து, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓயாமல் ஓடவிடுவார்கள். அந்த ஈரத்திலும் எச்சத்திலும் சுண்ணாம்புச் சுவர் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டியலில் ஏறிய பிறகுதான் பாரம்பரிய எல்லைக்குள் இந்தத் தொழிலுக்குத் தடை வந்தது. யுனெஸ்கோவை எதற்கெடுத்தாலும் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் எழுத வேண்டும்.

பழைய ஊர்களைப் பண்பாட்டுப் பயணத்துக்கு உரிய இடங்களாகப் பேசும் எழுத்துகளில் கோட்டையும் கோபுரமும் மாடமாளிகையும் நிறைய வருகின்றன. வாடகைச் சீட்டு, பாகப்பத்திரம், சாக்கடைக் குழாய் ஆகியவை வருவதே இல்லை. பயணி அங்கே போய்ப் பார்ப்பது ஊரையா, ஊரின் கூட்டையா என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம். ஜார்ஜ் டவுனிலேயே இதற்குச் சான்று உண்டு. சூலியா தெருவை ஒட்டிய பகுதியில் தமிழ் முஸ்லிம்களின் பழைய வாழ்வு இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்றால், காதர் முகைதீன் மரைக்காயர் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றிய வக்ஃபு நிலங்கள் தனியார் சந்தைக்கு எளிதில் போக முடியாதவை என்பது ஒரு காரணம். சீனக் குலச் சங்கங்களின் சொத்துகளும் அப்படித்தான். விற்க முடியாத சொத்தில்தான் ஆட்கள் கொஞ்சம் நின்றார்கள்.

ஊர்களைப் பாரம்பரியமாகப் பார்க்கும் வழக்கம் நாம் நினைப்பதைவிடப் புதியது. 1964இல் வெனிஸில் கூடிய நிபுணர்கள் எழுதிய சாசனத்தின் மனம் பெரும்பாலும் தனிக் கட்டடங்களின் மேலேயே இருந்தது. உலகப் பாரம்பரிய உடன்படிக்கை 1972இல் வந்தது. 1978இல் வெளியான முதல் பட்டியலின் 12 இடங்களில் ஈக்வடாரின் கீட்டோவும் போலந்தின் கிராக்கோவும் முழு நகர்ப்பகுதிகளாகவே சேர்க்கப்பட்டன. இரண்டே ஆண்டில் வார்சாவின் பழைய நகரமும் ஏறியது. போரில் பெரும்பகுதி தரைமட்டமாகி, பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ வரைந்த ஓவியங்களையும் பார்த்து மறுபடி எழுப்பிய ஊர் அது. கல் பழையதா என்று மட்டும் கேட்டிருந்தால் அது உள்ளே வந்திருக்காது. 1987இன் வாஷிங்டன் சாசனம் குடியிருப்போரின் பங்கேற்பைத் தெளிவாகப் பேசியது. 2011இல் யுனெஸ்கோ வெளியிட்ட பரிந்துரை, ஊர் என்பது கட்டடம் மட்டுமன்று, தொழிலும் பழக்கமும் நிலமும் சேர்ந்தது என்று இன்னும் விரித்தது. ஆவணங்கள் சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவற்றின் பல் எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். எல்பே ஆற்றில் பாலம் கட்டியதற்காக 2009இல் டிரெஸ்டன் நீக்கப்பட்டது. துறைமுகக் கரையில் எழுந்த புதுக் கட்டுமானங்களுக்காக 2021இல் லிவர்பூல் போனது. ஆட்கள் போய்விட்டார்கள் என்பதற்காகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஊர் ஒன்றுகூட இல்லை.

அப்படி நீக்குவதென்றால் முதலில் வெனிஸைத்தான் நீக்க வேண்டியிருக்கும். 1951இல் தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்குக் கீழே போனது. சான் பர்த்தலோமியோ சதுக்கத்து மருந்துக்கடை ஒன்று குடியிருப்போரின் எண்ணிக்கையை 2008 முதல் தன் கண்ணாடி ஜன்னலில் மின்பலகையில் காட்டி வருகிறது. மருந்து வாங்க ஆள் குறைவதைக் கடைக்காரரைவிட யார் நன்றாக அறிவார்! ஆனால் வெனிஸையும் சுற்றுலா மட்டுமே காலி செய்யவில்லை. தரைத்தளத்து ஈரம், எதிர்க்கரையில் மார்கேராவின் ஆலை வேலை, மெஸ்த்ரேயில் காரை வாசலிலேயே நிறுத்த வசதியுள்ள வீடு, 1966 நவம்பர் 4 வெள்ளம் எல்லாம் சேர்ந்துதான் முதல் அலையை வெளியே தள்ளின. காலியான வீட்டில் சுற்றுலா நுழைந்தது. நுழைந்த பின்பு வாடகையை ஏற்றி, திரும்பி வர நினைத்தவர்களுக்கும் கதவடைத்தது. இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் மருந்தும் தவறிவிடும்.

வெனிஸ் எடுத்த மருந்துகள் பிரபலமானவை. 2021 ஆகஸ்ட் முதல் பெரிய உல்லாசக் கப்பல்கள் ஜுதெக்கா கால்வாய்க்குள் வர முடியாது. 2024 ஏப்ரல் 25 முதல் கூட்டம் மிகுந்த சில நாட்களில், இரவு தங்காமல் பகலில் வந்து போகிறவர்கள் 5 யூரோ கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு கட்டண நாட்கள் 54 ஆயின, கடைசி நேரத்தில் பதிவோருக்கு 10 யூரோ. பணம் வந்தது, கூட்டம் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. குரோஷியாவின் துப்ரோவ்னிக் கப்பல்களை நாளுக்கு இரண்டு என்று வரையறுத்தது. கியோத்தோவின் கியோன் பகுதி 2024இல் தனியார் சந்துகளைப் பயணிகளுக்கு மூடியது. தென்கொரியத் தலைநகர் சியோலின் புக்சோன் குடியிருப்பில் மாலை 5 மணிக்குப் பிறகு வெளியார் சுற்றினால் அபராதம். இவை எல்லாம் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பற்றிய ஏற்பாடுகள். வீட்டுக்குள் யார் இருப்பது என்பதில் நேராகக் கை வைத்தது பார்சிலோனா. 2028 நவம்பருக்குப் பிறகு 10,101 சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்திருக்கிறது. அது நடக்குமா, வழக்குகளில் கரையுமா என்பது வேறு. கேள்வியைச் சரியான இடத்தில் கேட்ட நகரம் என்ற அளவில் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

சாக்கடை விஷயத்துக்கு ஜெய்சல்மர் போக வேண்டும். 1156இல் எழுந்த கோட்டை, 2013இல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகளில் ஒன்றாகப் பட்டியலேறியது. இன்றும் சில ஆயிரம் பேர் உள்ளேயே வசிக்கிறார்கள் என்பதுதான் அதன் பெருமை. தார்ப் பாலைவன ஊர் அது. கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் சுமந்துவந்த நீர் எவ்வளவோ அவ்வளவுதான் கோட்டைக்குள் செலவானது, அதில் மண்ணுக்குள் இறங்க மிச்சமில்லை. குழாய் வந்தது, பின்னாலேயே விடுதிகள் வந்தன, ஒவ்வோர் அறைக்கும் குளியலறையும் கழிப்பறையும் வந்தன. போன நீர் ஒழுங்காக வெளியேற வழியில்லை. அடியிலிருக்கும் களிமண் கலந்த குன்று அதைக் குடித்து இளகியது, மேலே மணற்கல் சுவர்கள் நகர்ந்தன, கொத்தளங்கள் சரிந்தன. 2024 ஆகஸ்ட் மழையிலும் மதிலின் ஒரு பகுதி விழுந்தது. பயணியை மகிழ்விக்கக் கட்டிய குளியலறை அவர் பார்க்க வந்த மதிலைத் தள்ளுகிறது என்பதைவிடக் கூர்மையாக இந்த முரணைச் சொல்ல முடியாது. விடுதிகளைக் கோட்டைக்கு வெளியே அனுப்பினால் உள்ளே இருப்பவர்களின் வருமானம் போகும். வருமானம் போனால் அவர்களும் போவார்கள்.

அகமதாபாத் வேறு வகை. 2017இல் உலகப் பாரம்பரிய நகரமான முதல் இந்திய நகரம். மதிலுக்குள் இருக்கும் போள் என்னும் குடியிருப்புகள் ஒரே வாயில் வைத்த சந்துக் கூட்டங்கள். செதுக்கிய மரத்தூண், பறவைக்குத் தீனி வைக்கும் சபூத்ரா, முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி. மாநகராட்சி 1997இலேயே காலை நடைப்பயணம் ஒன்றைத் தொடங்கிவிட்டது, காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் ஆரம்பித்து ஜும்மா மசூதியில் முடியும். இந்தியாவில் நகர்நடை என்ற ஏற்பாட்டுக்கு அதுதான் முன்னோடி என்று சொல்லலாம். வண்டி வேண்டாம், மண்டபம் வேண்டாம், தெரு போதும் என்று காட்டியதுதான் அதன் பெரிய கொடை. ஆனால் கலவரங்கள், 2001 நிலநடுக்கம், சபர்மதிக்கு மேற்கே எழுந்த புது வீடுகள் ஆகியவற்றால் குடும்பங்கள் ஆற்றைக் கடந்துகொண்டேயிருந்தன. காலி வீடுகள் சரக்குக் கிடங்குகளாயின. பதற்றப் பகுதிச் சட்டத்தால், பழைய நகரில் வீட்டைக் கைமாற்ற ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். மாநகராட்சி கண்ட வழி சற்றே புத்திசாலித்தனமானது. பட்டியலிட்ட வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவருக்கு, அங்கே கட்டாமல் விட்ட தளப்பரப்பின் உரிமையை நகரின் வேறு மூலையில் கட்டடம் எழுப்புகிறவரிடம் விற்க அனுமதி. அந்தப் பணத்தில் பழைய வீட்டைச் செப்பனிட வேண்டும். பழைய வீடு சும்மா நிற்பதற்கும் ஒரு விலை உண்டு என்று ஆக்கியது இந்த ஏற்பாடு.

ஓர் ஊருக்குப் பல காலங்கள் உண்டு. அதில் எந்தக் காலம் விற்பனைக்கு வைக்கப்படுகிறது என்பதும் சொத்தோடு சேர்ந்த கேள்விதான். இலங்கையின் காலிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் பட்டியலேறிய டச்சுக் கோட்டை. 2000க்குப் பிறகு உள்ளே இருந்த வீடுகள் பல வெளிநாட்டவர் கைக்குப் போயின, விடுதிகளும் நகைக்கடைகளும் வந்தன. பயணி டச்சு மதிலைச் சுற்றி நடந்து, ஆங்கிலேயர் காலத்துக் கலங்கரை விளக்கத்தருகே படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார். அதே ஊரில் 1911இல் வடிகால் மூடியாகக் கிடந்த கல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். சீன அட்மிரல் செங் ஹே 1409 தேதியிட்டுக் கொண்டுவந்த கல்வெட்டு அது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. ஒரு கடல் வணிக உலகத்தின் மூன்று மொழிகளும் ஒரே கல்லில். இன்று அந்தக் கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலியில் டச்சுக்காரர்தான் இருக்கிறார்.

புதுச்சேரியிலும் இதே கதைதான். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக இருக்கும் பிரெஞ்சுத் தெருக்கள் விளம்பரத்தில் ஓடுகின்றன. மேற்கே திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று அடுக்கிய தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட்டாயின. கிழக்கே வீடுகள் பலவும் அரசு அலுவலகமாகவோ ஆசிரமக் கட்டடமாகவோ இருந்ததால் நின்றன. மேற்கே பாகம் பிரிந்த குடும்பச் சொத்து, ஆகவே போயின. விதிவிலக்காக வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய நிதியுதவியோடு வீட்டு முகப்புகளை மீட்டது. அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. அரசுச் சொத்தாக இருந்தால் மட்டும் பிழைக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. கடற்கரையில் இருந்த, மேரி என்னும் பழைய நகராட்சிக் கட்டடம் பராமரிப்பின்றி 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. இப்போது அங்கே நிற்பது அதே உருவத்தில் கட்டிய புதுக் கட்டடம்.

தமிழ்நாட்டுக் கோயில் நகரங்களை இந்த விவாதத்தில் எங்கே வைப்பது என்பது எளிதன்று. கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. கும்பகோணத்துக்கு அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. ஆனால் நவக்கிரகச் சுற்றில் வேனில் வருகிறவருக்கு ஊர் பழையதா புதியதா என்பதில் அக்கறையில்லை, சந்நிதி திறந்திருந்தால் போதும். மடத்துத் தெருவில் ஓட்டு வீடு இடிந்து லாட்ஜ் எழும்பினால் அவருக்கு வசதிதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, யாத்திரையின் இயல்பு அது. ஊர்தான் அதற்கேற்ப அமைந்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்தில் கோயில் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. சுற்றியிருக்கும் வீதிகளின் வீடுகளுக்கோ அடிமனை என்ற தலைவலி. மனை கோயிலுக்கு, மேலே நிற்கும் கட்டடம் குடியிருப்பவருக்கு என்ற நிலையில், விற்பனைப் பதிவு சிக்கலாகி வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது. அந்த வீட்டின் மரக்கூரையை யார், எந்தப் பணத்தில் மாற்றுவது?

மதுரையில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய புதுமண்டபம் பல தலைமுறைகளாகச் சந்தையாகவே இருந்தது. தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள், பாத்திரக் கடைகள், பஞ்சாங்கமும் பாடப்புத்தகமும் விற்ற கடைகள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் உடுத்தும் உடையை அங்கேதான் தைக்கக் கொடுப்பார்கள். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் பிடித்த தீ எல்லாவற்றையும் மாற்றியது. புதுமண்டபக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு அனுப்பப்பட்டன. சிற்பங்களுக்கு அது நல்லது, அதில் சந்தேகமே வேண்டாம். தீயும் எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் அந்தத் தூண்களுக்குச் செய்த கேடு கொஞ்சமன்று. இருந்தாலும், வெளியூர்க்காரர் மண்டபத்தைப் பார்க்கப் போனது சிற்பத்துக்காக மட்டும்தானா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யத் தமிழ்நாட்டில் 2012இலேயே பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றினார்கள். இயற்றிப் பத்தாண்டுக்கும் மேலாக அது நடைமுறைக்கு வராமல் கிடந்தது.

பாகப்பத்திரத்தின் முழு வலிமையைப் பார்க்கச் செட்டிநாட்டுக்குத்தான் வர வேண்டும். தொடங்கிய இடத்துக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் கணக்கெழுதிச் சேர்த்த வட்டியும், பர்மாவின் நெல்வயலில் வந்த வருமானமும்தான் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் மாளிகைகளாயின. 1930களின் இறுதியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி விளைநிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், விடுதலைக்குப் பின் நிலம் தேசியமயமானது, பணம் வந்த வழி அடைபட்டது. வீடுகள் மட்டும் நின்றன. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள். வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஒரு இரட்டை வீடு. தலைமுறைகள் பெருகப் பெருகப் பங்காளிகளும் பெருகினார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலுமாக இருக்கும் அத்தனை பேரும் ஒப்பினால்தான் ஓடு மாற்றலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம். ஒப்புதல் கிடைப்பது விற்பதற்கே சுலபமாக இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் பீங்கான் கிண்ணமும் தனித்தனியாக விலை வைத்து நிற்பது அதனால்தான். ஒரு வீட்டை இப்படி உதிர்த்து விற்றால்தான் பங்கு பிரிப்பதும் எளிது.

வெனிஸின் நேர் எதிர்ப்பக்கம் இது. இங்கே ஆட்களை விரட்டியது சுற்றுலா அன்று, அது வருவதற்கு வெகு முன்பே வீடுகள் பூட்டிக் கிடந்தன. பயணிகள் வரத் தொடங்கியதால் சில மாளிகைகள் விடுதிகளாகிப் பிழைத்தன. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் தொழில் மறுபடி மூச்சுவிட்டது. அந்தத் தொழிலைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்குவார் கைவினைஞர். கோடு கொஞ்சம் கலங்கும், கலங்கினால்தான் அது ஆத்தங்குடி. மேலே உலர்ந்த கலவை, அதற்கும் மேலே ஈரக் கலவை. பிறகு தொட்டி நீரில் சில நாட்கள் ஊற வேண்டும். சூளை கிடையாது. காய்ந்ததும் கண்ணாடி தானே விட்டுக்கொள்ளும், அதன் வழவழப்பு கல்லின் மேல் தங்கிவிடும். புதுக் கட்டடங்களுக்கும் இந்தக் கல் போகிறது என்பதால் இந்தத் தொழில் பயணியை மட்டும் நம்பி இல்லை.

செட்டிநாட்டுக் கிராமக் கூட்டங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அங்கிருந்து மேலே ஏறினால் வீட்டு விலையும் ஏறும், உதிர்த்து விற்கும் ஆசை குறையலாம், மொத்தமாக விற்கும் ஆசை கூடலாம். அகமதாபாத்தின் வழி இங்கே செல்லாது. காரைக்குடியில் கூடுதல் தளப்பரப்புக்காகக் காசு கொடுக்கத் துடிக்கும் கட்டட முதலாளிகள் வரிசையில் இல்லை. எனக்குத் தெரிந்து இந்த ஊர்களுக்குப் பொருந்தக்கூடியது நீண்ட காலக் குத்தகைதான். வீட்டைப் பங்காளிகள் விற்காமல் விடுதி நடத்துபவருக்குக் குத்தகைக்கு விடலாம், செப்பனிடும் செலவை அவர் ஏற்கலாம், வாடகை பங்குப்படி கணக்கில் விழலாம். ஆண்டில் சில நாட்கள், கல்யாணத்துக்கோ படைப்புக்கோ, விடுதி முழுவதையும் காலி செய்து வீட்டைக் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஷரத்தும் போடலாம். அப்படிப்பட்ட பத்திரம் ஒன்றின் மாதிரியைத் தயாரித்து, எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தையும் ஒரே இடத்தில் பதிவு செய்ய வழிசெய்வது சுற்றுலாத் துறைக்கும் பதிவுத் துறைக்கும் இயலாத காரியமன்று. செலவும் ஒரு விளம்பரப் படத்துக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும்.